2024–25ஆம் ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, மாடி வீடுகளிலிருந்து இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மதுரைத் தெற்கு மாசி வீதிக்கும் தெற்கு ஆவணி மூல வீதிக்கும் இடைப்பட்ட சந்துகளின் வணிகர்கள், குடியிருப்போர் நலனுக்கான நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா வசூல், ஆயுத பூஜை, பொங்கல் விழா, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு வழங்கியது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. அவற்றில் குறை சொல்லவும் ஒன்றுமில்லை, பெருமை பேசவும் ஒன்றுமில்லை. இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தையும் பொறுமையையும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது தீத்தடுப்புத் துணைக்குழுதான். ஆகவே அறிக்கையும் அதைப் பற்றியதாகவே இருக்கும்.

இந்தத் துணைக்குழு எதற்கு என்று புதிய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். 2020 நவம்பர் 14, தீபாவளியன்று விடியற்காலையில், நமக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடை ஒன்று எரிந்தது. தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது பழைய கட்டடம் இடிந்து விழுந்து, தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தனர். அது எப்படிப்பட்ட கட்டடமோ, அப்படிப்பட்ட கட்டடங்களில்தான் நம்மில் பாதிப்பேர் கடை வைத்திருக்கிறோம். கீழே கடை, மேலே கிட்டங்கி, அதற்கும் மேலே குடும்பம், எல்லாவற்றுக்கும் ஒரே மரப்படி. அதனால்தான் இந்தக் குழு.

ஒரு செய்தியை ஆண்டுதோறும் சொல்ல வேண்டியிருக்கிறது. தீயணைப்பு நிலையம் மாநகராட்சியைச் சேர்ந்தது அல்ல. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில் இருக்கிறது. நம் மாநிலத்தில் அது உள்துறையின் கீழ் வரும் தனித் துறை. 1985ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிச் சட்டப்படி நடப்பது. தலைமை அலுவலகம் சென்னையில், அதற்குக் கீழே மண்டல அலுவலகங்கள், மாவட்டத்துக்கு ஒரு மாவட்ட அலுவலர், அவருக்குக் கீழே நிலைய அலுவலர்கள். ஜூலைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியரான நம் மூத்த உறுப்பினர் எழுந்து, அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை தீயணைப்புப் பணியை நகராட்சிகளுக்குரியதாகச் சொல்கிறதே என்று கேட்டார். சொல்கிறதுதான். மாநிலம் அதை உள்ளாட்சியிடம் ஒப்படைத்தால்தான் நடைமுறைக்கு வரும், இங்கே ஒப்படைக்கவில்லை. அதற்கு மேல் நடந்த விவாதம் நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏறவில்லை. ஏற்றினால் இன்னொரு குறிப்பேடு வாங்க வேண்டியிருந்திருக்கும்.

இதனால் நமக்கு என்ன என்றால், மனுவின் மேல் எழுதும் முகவரி மாறுகிறது. வண்டியும் வீரர்களும் தீயணைப்புத் துறை. பாதையில் நீட்டிய படியும் தண்ணீரும் மாநகராட்சி. தெருவை அடைக்கும் வாகனங்கள் போக்குவரத்துக் காவல். தலைக்கு மேல் தொங்கும் கம்பி மின்வாரியம். ஒரே மனுவை நான்கு இடத்துக்கும் நகல் போட்டு அனுப்பும் நம் பழைய வழக்கத்தைச் செயற்குழு இந்த ஆண்டு நிறுத்தியது. நகல் வாங்கிய ஒவ்வோர் அலுவலகமும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று கோப்பில் வைத்துவிடுகிறது. இப்போது ஒரு மனுவில் ஒரே கோரிக்கை, ஒரே முகவரி. ஒப்புகைச் சீட்டு சங்க அலமாரியில். இந்தச் சிறிய மாற்றத்துக்குப் பிறகு பதில் வரத் தொடங்கியிருக்கிறது. எல்லாப் பதிலும் நமக்குச் சாதகமானது என்று சொல்லமாட்டேன்.

அடுத்தது பம்ப் விவகாரம். சங்க நிதியிலிருந்து தள்ளுவண்டியில் வைத்த டீசல் பம்பும் குழாயும் வாங்க வேண்டும் என்று சில உறுப்பினர்கள் முறைப்படி தீர்மானம் கொடுத்தார்கள். எதிர்த்தவர்கள் கேட்டது மூன்று கேள்விதான்: எங்கே நிறுத்துவது, மாதாமாதம் யார் ஓட்டிப் பார்ப்பது, தண்ணீர் எங்கிருந்து. முதல் கேள்விக்குப் பதில் வந்தது. மற்ற இரண்டுக்கும் வரவில்லை. இடையில் ஓர் உறுப்பினர், வாங்கிவைத்தால் சித்திரையில் அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சவும் ஆகுமே என்றார். தோல் பையில் பாரம்பரிய முறைப்படி பீய்ச்சத்தான் அனுமதி, விசைப்பம்புக்கு அனுமதியில்லை என்பதைத் தலைவர் நினைவூட்டினார். அந்த யோசனையோடு பம்பின் மவுசும் குறைந்துபோனது.

முடிவெடுக்கும் முன் நம் எல்லைக்குரிய நிலைய அலுவலரிடம் போய்க் கேட்டோம். பம்ப் வேண்டாம், பாதை கொடுங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். துறையின் பெரிய தண்ணீர் வண்டி 4,500 லிட்டர் கொண்டது. முழு வேகத்தில் பீய்ச்சினால் அது சில நிமிடங்களுக்குத்தான் வரும். பெரிய தீ என்றால் தல்லாகுளத்திலிருந்தும் அனுப்பானடியிலிருந்தும் வண்டி வர வேண்டும். தண்ணீர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிரப்ப வேண்டும். முதல் வண்டி சந்து முனையில் சிக்கிக்கொண்டால் பின்னால் வருபவை அத்தனையும் வீதியில் நிற்கும். பம்ப் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் திரும்பப் பெறப்பட்டது.

பாதை எவ்வளவு இருக்கிறது என்று பேசிக்கொண்டே இருந்தோமே தவிர, யாரும் அளந்ததில்லை. வண்டியின் அகலம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். துணைக்குழுவின் இளைஞர்கள் மூன்று மீட்டர் மூங்கில் கழி ஒன்றை வாங்கி, இருபுறமும் சிவப்புத் துணி கட்டி, குறுக்கே பிடித்துக்கொண்டு மாலை வியாபார நேரத்தில் சந்து முழுவதும் நடந்தார்கள். கழி எங்கே முட்டுகிறதோ அங்கே சுண்ணாம்பால் கோடு. சங்கத்தின் வரலாற்றில் எந்தத் தீர்மானமும் இவ்வளவு கூட்டத்தைக் கூட்டியதில்லை. முதல் இடி தலைவர் கடைப் படிக்கட்டிலேயே விழுந்தது. பிறகு தகர நிழற்கூரைகள், வாசலுக்கு வெளியே நிறுத்திய துணிப் பொம்மைகள், தள்ளுவண்டிகள், பெயர்ப்பலகைகள், எண்ணிலடங்காத இருசக்கர வாகனங்கள். என் கடைப்பலகை தவறாமல் வருகிறதே, அளவில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். கழியை அவர் கையிலேயே கொடுத்தோம். அவர் பிடித்தபோதும் முட்டியது.

தலைவர் அடுத்த வாரமே தம் படியை இடித்து உள்ளே தள்ளிக் கட்டினார். அதற்குப் பின் மற்றவர்களிடம் பேசுவது எளிதாயிற்று. நிலையான ஆக்கிரமிப்புகளில் பெரும்பாலானவை உரிமையாளர்களாலேயே அகற்றப்பட்டன. இன்னும் அகற்றாதவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். பெயரை வாசிக்க வேண்டாம் என்று செயற்குழு பெருந்தன்மையோடு முடிவு செய்திருக்கிறது. கழி அலுவலகத்தில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அது வெளியே வரும் என்பது செயற்குழுவின் நிரந்தரத் தீர்மானம். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் வாரம் ஒருமுறை. கடந்த அக்டோபரில் தரைக்கடைக்காரர்களோடு பேசி, நடுப்பாதையைக் கயிறு கட்டி ஒதுக்கினோம். பிழைப்புக்கு வந்தவர்கள் அவர்கள், சொன்னதும் புரிந்துகொண்டார்கள். கயிற்றைத் தாண்டி வண்டியை நிறுத்தியவர்கள் பெரும்பாலும் நம் உறுப்பினர்களே.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிவந்த கப்பல் வெடித்தபோது உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுவது. கடந்த ஆண்டு அதே வாரத்தில் வருடப்பிறப்பும் வந்தது, சித்திரைத் திருவிழாவும் வந்தது. 22ஆம் தேதி தேர். கூட்டம் சேராது என்று பயந்து, கடை திறக்கும் முன் காலையில் செயல்விளக்கம் வைத்தோம். வீரர்கள் எரியும் கேஸ் சிலிண்டரை ஈரச் சாக்கால் போர்த்தி, பதறாமல் வால்வை மூடிக் காட்டினார்கள். நம் பகுதி நகைப் பட்டறை ஆசாரிகள் கேஸ் ஊதுகுழல் பற்றிக் கேட்ட கேள்விகளும், தாய்மார்கள் சமையலறை ரப்பர் குழாய் பற்றிக் கேட்ட கேள்விகளும் கூர்மையானவை. ஜவுளிக்கடை முதலாளிகள் பலர் வேலையாட்களை அனுப்பிவிட்டுத் தாங்கள் வரவில்லை. ஆள் ஓடிப்போனாலும் கடை ஓடாது என்பதை அவர்கள் யோசிக்கட்டும்.

தீயணைப்பான்களை மொத்தமாக வாங்கியதில் நல்ல விலை கிடைத்தது. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள 6 கிலோ ஏபிசி பவுடர் வகை, அதாவது துணி, எண்ணெய், கேஸ் என மூவகைத் தீக்கும் ஆவது. ஊசியை உருவி, தீயின் அடியை நோக்கிப் பிடித்து அழுத்தினால் சில விநாடிகளே வரும். எரியும் உச்சியில் வீணாக்கக் கூடாது. அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று ஒவ்வொரு மாதமும் கடைக்காரரே பார்த்து அட்டையில் கையெழுத்திட வேண்டும். ஆய்வில், புடவை கட்டிய பொம்மைக்குப் பின்னால் ஒளிந்திருந்த தீயணைப்பானையும் கண்டோம். அழகைக் கெடுக்கிறதாம். ஜனவரியில் ஒரு கடையின் மீட்டர் பலகை புகைந்தபோது, பக்கத்துக் கடைப் பையன் முதலில் மெயினை அணைத்துவிட்டு, அதன்பின் பவுடரை அடித்து முடித்துவைத்தான். அவன் செயல்விளக்கத்துக்கு அனுப்பப்பட்ட வேலையாட்களில் ஒருவன்.

2024 செப்டம்பர் 12 அதிகாலையில் பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே கட்ராபாளையத்தில், பெண்கள் விடுதி ஒன்றில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பரவிய தீயில் இருவர் உயிரிழந்தனர். அந்த வாரமே அவசரச் செயற்குழு கூடியது. நம் சந்துகளின் மேல்மாடிகளிலும் விடுதிகள் இருக்கின்றன. பெண்கள் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வேண்டும். உரிமத்தைப் பார்ப்பது ஆட்சியர் அலுவலகத்தின் வேலை. நாம் சோதனைக்குப் போகவில்லை, அக்கம்பக்கத்தாராகப் போனோம். இரவில் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை உரிமையாளர் வீட்டுக்கு எடுத்துப் போகும் பழக்கம் ஓரிடத்தில் இருந்தது. சாவி உள்ளே, கதவருகே, ஆணியில் தொங்க வேண்டும் என்று சொன்னோம். திருட்டு பயம் என்றார். பேச்சு காரசாரமாகவே போயிற்று. இப்போது சாவி ஆணியில் தொங்குகிறது. படிக்கட்டில் மூட்டை அடுக்கும் கடைக்காரர்கள், அந்தப் படியில் தங்கள் மூட்டைமேல் ஏறி ஒரு முறை இறங்கிப் பார்க்கட்டும்.

சில அலுவல் செய்திகள். ஒவ்வொரு ஷட்டரிலும் உரிமையாளரின் கைபேசி எண் எழுதப்பட்டு, அதே பட்டியல் இரவுக் காவலாளியிடமும் இருக்கிறது. தீ என்றால் 101 அல்லது 112. மின்சாரத்தைத் துண்டிக்க மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. வண்டி வந்தால் கட்டணம் கேட்பார்கள் என்று நினைத்து அழைக்கத் தயங்கியவர்களும் உண்டு. தீயணைக்க வந்ததற்குக் கட்டணம் கிடையாது. சிறிய தீயை நாமே அணைத்துவிட்டாலும் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது துறையின் தீ அறிக்கையைத்தான். அது இல்லாமல் அலைந்த உறுப்பினர் ஒருவரின் கோப்பு இன்னும் முடியவில்லை. பட்டாசுத் தற்காலிகக் கடைக்கு ஒருவர் சங்கத்தின் பரிந்துரைக் கடிதம் கேட்டார், மறுத்துவிட்டோம். 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி கொட்டகைகளுக்கிடையே 3 மீட்டரும், வீடு, பள்ளி போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து 50 மீட்டரும் இடைவெளி வேண்டும். நம் சந்தில் 50 மீட்டர் இடைவெளி ஆகாயத்தை நோக்கித்தான் கிடைக்கும்.

நிறைவேறாதவை இரண்டு. சந்து முனையில் தாழ்ந்து தொங்கும் கம்பிகளை உயர்த்தும் கோரிக்கைக்கு ஆய்வு முடிந்தது, வேலை தொடங்கவில்லை. வண்டிக்குத் தண்ணீர் நிரப்ப அருகில் ஓர் இணைப்பு வேண்டும் என்ற மனு நிலுவையில் இருக்கிறது. ஒப்புகைச் சீட்டுகள் இரண்டும் அலமாரியில் உள்ளன. அடுத்த செயலாளர் அங்கிருந்து தொடங்கலாம்.

செயற்குழுவின் மூன்றாண்டுப் பதவிக்காலம் முடிகிறது. இன்றே தேர்தல் நடத்தி, செயற்குழு மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7ஐ மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன், மாதாந்தரக் கழி நடையைத் துணைவிதியில் சேர்க்கும் தீர்மானத்தின்மீது வாக்கெடுப்பு உண்டு. துணைவிதித் திருத்தம் என்பதால் சிறப்புத் தீர்மானமாக நிறைவேற வேண்டும். வாக்கெடுப்பு முடியும்வரை தேநீருக்கு எழுந்து போகாமல் இருக்கும்படியும், இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படியும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்