எடையைப் பார்க்கிறீர்கள், வயதையும் பாருங்கள்: கபடிப் போட்டி நடத்தும் ஊர்க் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

பொங்கல், கோயில் கொடை, தலைவர் பிறந்தநாள் என்று ஏதோ ஒரு சாக்கில் ஊர்தோறும் கபடித் தொடர்போட்டி நடத்தும் விழாக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கும் இளைஞர் மன்றத் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் ஓர் இயன்முறை மருத்துவர். பொங்கல் முடிந்த வாரத்தில் என் கிளினிக்கில் உட்கார நாற்காலி கிடைக்காது. நொண்டிக்கொண்டு வருகிறவர்கள் பிடித்தவனைக் குறை சொல்கிறார்கள், தரையைக் குறை சொல்கிறார்கள், ஊர்க்கண் என்றுகூடச் சொல்கிறார்கள். எனக்கோ, இந்தக் காயங்களில் பல நீங்கள் நோட்டீஸ் அச்சடிக்கும்போதே முடிவாகிவிடுகின்றன என்று தோன்றுகிறது. அதனால்தான் ஆடுகிறவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

‘55 கிலோ எடைப் பிரிவு’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். நல்லது. ஆனால் அதற்குக் கீழே வயது வரம்பு என்று ஒரு வரி இருப்பதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையனும் 55 கிலோ. கட்டட வேலை பார்த்து இறுகிப்போன இருபத்தைந்து வயது இளைஞரும் 55 கிலோ. தராசுக்கு இருவரும் ஒன்றுதான், எலும்புக்கு அப்படி இல்லை. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் இன்னும் இறுகாத குருத்தெலும்புத் தட்டு ஒன்று இருக்கிறது. எலும்பு நீள்வதே அங்கேதான். மூட்டைச் சுற்றியுள்ள ஜவ்வைவிட அந்தத் தட்டு பலவீனமானது. பெரியவருக்கு வெறும் சுளுக்காக முடிகிற அதே கணுக்கால் பிடி, பையனுக்கு அந்தத் தட்டிலேயே முறிவாகிவிடலாம். சரியாகக் கவனிக்காமல் விட்டால் கால் கோணலாகவோ குட்டையாகவோ வளரக்கூடும். அதுவும் ஒரே ஆண்டில் சட்டென்று உயரம் கூடும் பருவத்தில், எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காது. முழங்காலுக்குக் கீழே ஒரு முண்டு தோன்றி வலிக்கும். அந்த வலியோடு பையன் ஆடினால் “சின்ன வயசுதானே, சரியாகிவிடும்” என்கிறோம். சின்ன வயது என்பதால்தான் அவனை உட்காரவைக்க வேண்டும்.

ஆகவே முதல் வேண்டுகோள்: பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு வையுங்கள். பரிசுத்தொகை குறைவாக இருந்தாலும் பிள்ளைகள் வருவார்கள். பள்ளிச் சான்றிதழைப் பார்த்து உள்ளே விடுங்கள்.

எடை போடும் சடங்கையும் சொல்ல வேண்டும். எடைக்குள் வருவதற்காக முந்தைய நாளிலிருந்தே சோறு, தண்ணீர் இல்லாமல், வெயிலில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். வற்றிய உடம்போடு இரவு ஆட்டத்தில் இறங்கினால் தசைப்பிடிப்புதான் மிஞ்சும். சில சமயம் அதோடு நிற்பதும் இல்லை. அமெரிக்காவில் 1997 நவம்பர், டிசம்பரில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கும் முயற்சியிலேயே அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதன் பிறகு அங்கே வியர்க்கவைக்கும் ரப்பர் உடையைத் தடை செய்தார்கள். எடை பார்க்கும் நேரத்தையும் போட்டியை ஒட்டி மாற்றினார்கள். நீங்களும் காலையில் எடை போட்டு அனுப்பாமல், முதல் ஆட்டத்துக்குச் சற்று முன் களத்தின் ஓரத்திலேயே போடுங்கள். தண்ணீர் குடிக்க இடைவெளி கிடைக்காது என்று தெரிந்தால் பட்டினி கிடக்கும் ஆசையும் குறையும்.

அடுத்தது இரவு. ஐம்பது அணிகளுக்கு நுழைவுக் கட்டணம் வாங்கிவிட்டு ஒரே ஆடுகளத்தில் விடிய விடிய ஓட்டுகிறீர்கள். பத்து மணிக்கு ஆடிய அணி அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு மணிவரை பனியில் குந்தியிருக்கிறது. ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிட்டதும் விறைத்த தொடையோடு எழுந்து ஓடுகிறது. இறுதிப்போட்டி வரும்போது கோழி கூவிவிடும். அந்த நேரத்தில் எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகும் ரைடில் கால் பின்னாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரண்டு நாளாகப் பிரியுங்கள், அல்லது அணிகளைக் குறையுங்கள். பந்தலுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஆகும் செலவைக் கேட்டால் இது ஒன்றும் பெரிய காரியமில்லை.

ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் உடம்பைச் சூடேற்ற இடமும் நேரமும் கொடுங்கள். கைகாலை உதறிக்கொண்டு மண்ணைத் தொட்டுக் கும்பிடுவது மட்டும் போதாது. கால்பந்துக்காக ஃபிஃபா ஒரு பயிற்சித் தொகுப்பை வகுத்திருக்கிறது: மெதுவோட்டம், தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டல், ஒற்றைக் காலில் நிற்றல், குதித்து முழங்காலை மடக்கி இறங்குதல், சட்டென்று திரும்புதல். அதை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை ஆய்வுகள் காட்டின. கபடியிலும் முழங்கால் ஜவ்வு கிழிவது இதே திருப்பத்திலும் இறக்கத்திலும்தான். பெண்கள் அணிகளுக்கு இது இன்னும் முக்கியம். பூப்பெய்திய பிறகு அவர்களுக்கு இந்த ஜவ்வு கிழியும் வாய்ப்பு ஆண்களைவிடக் கூடுதல். பெண்கள் ஆட்டத்தை ‘காட்சிப் போட்டி’ என்று போட்டு, கூப்பிட்டவுடன் வந்து நிற்கச் சொல்லாதீர்கள்.

பொங்கலன்று மட்டும் களமிறங்கும் ‘மூத்தோர்’ அணிகளைப் பற்றி என்ன சொல்வது! தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதன் நாற்பதைக் கடந்தும் புரோ கபடியில் ஆடினார், உண்மைதான். அது ஆண்டு முழுவதும் உடம்பைப் பழக்கத்தில் வைத்திருந்தவரின் நாற்பது. கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவரின் நாற்பது வேறு. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் எப்போதாவது ஒருநாள் பாய்ந்து ஓடும்போதுதான் குதிகால் தசைநார் அறுவது அதிகம். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருந்தது என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். இவர்களுக்கு ஆட்ட நேரத்தைக் குறையுங்கள், ஒரு மாதம் முன்பே பெயரை வாங்குங்கள். அறிவிப்பு வந்தால் மாலையில் நடக்கவாவது செய்வார்கள். நெஞ்சு வலி, சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். பாட்டிமாருக்கு வைக்கும் இசை நாற்காலியை சிமென்ட் தரையிலிருந்து மணலுக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கினால் உடைவது இடுப்பெலும்பு.

காயம் பட்டவுடன் ஓடிவந்து நீவி விடுகிற நல்ல மனிதர் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். வீங்கிய மூட்டுக்கு வேண்டியது பனிக்கட்டி ஒத்தடமும் அசையாத ஓய்வும். பிள்ளைகளுக்கு என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் எந்தக் கட்டும் வேண்டாம். தலையில் அடிபட்டுத் தடுமாறியவர் “எனக்கு ஒன்றுமில்லை” என்றாலும் அன்று மறுபடி ஆடக்கூடாது. இதைச் சொல்லும் உரிமை நடுவருக்கு இருக்கட்டும். ஜவ்வு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் ஒன்பது மாதத்துக்குள் உங்கள் பட்டியலில் பெயர் கொடுத்தால் வாங்காதீர்கள்.

2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ரைடு போன இளம் வீரர் ஒருவர் களத்திலேயே உயிரிழந்த காணொளியை நம்மில் பலர் பார்த்தோம். ஆட்டம் முடியும்வரை ஒரு வண்டி, ஓட்டுநரோடு, வெளியே போகும் வழியை அடைக்காமல் நிற்கட்டும். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கத் தெரிந்த இரண்டு பேராவது களத்தோரம் இருக்கட்டும். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்றால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையைக் கேளுங்கள். என்னைக் கூப்பிட்டாலும் வருகிறேன். வரவேற்பு, சால்வை எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
காவிரிக் கரையிலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர்