பண்டாரவளை நண்பனுக்கு, மலைச் சைக்கிள் பூட்டுவது பற்றி

திருகோணமலை

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து வீட்டில் எல்லோரும் ஆறுதலடைந்தோம். இங்கே வாடைக்காற்றும் மழையும் தொடங்கச் சில வாரங்களே இருக்கின்றன. அதற்குள், எண்டூரோ என்னும் மலைப்பாதைப் போட்டி வகைக்கான என் சைக்கிளைப் பாகம் பாகமாகப் பூட்டி முடித்துவிட வேண்டுமென்று மாலை நேரம் முழுவதையும் அதிலேயே செலவிடுகிறேன்.

முழுதாகப் பூட்டிய வண்டி கடையில் கிடைக்கும்போது, அதுவும் பாகம் பாகமாக வாங்குவதைவிட மலிவாகக் கிடைக்கும்போது, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டிருந்தாய். காசுக் கணக்கில் நீ சொல்வது சரிதான். ஆனால் கடலோரத்தில் வைத்திருந்து மலைநாட்டில் ஓட்டப்போகும் எனக்கு, உப்புக்காற்றைத் தாங்குவதும், பழுதானால் என் கையாலேயே திருத்தக்கூடியதுமான வண்டிதான் தேவை. இங்கே நான் கழற்றிப் பூட்ட முடியாத எதுவும் அதில் ஏறக்கூடாது என்பதையே ஒவ்வொரு பாகத்துக்கும் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

எண்டூரோப் போட்டியில் குறித்த இறக்கங்களுக்கு மட்டுமே நேரம் கணக்கிடப்படுகிறது; ஓர் இறக்கத்தின் அடியிலிருந்து அடுத்ததன் உச்சிக்குப் பெரும்பாலும் மிதித்துத்தான் ஏற வேண்டும். 2013இல் உலகத் தொடராக ஆரம்பித்து, 2023 முதல் சர்வதேசச் சைக்கிளோட்டச் சங்கத்தின் உலகக் கிண்ணமாக நடைபெறும் போட்டியிலும் இதுவே அடிப்படை. ஆகவே, செங்குத்தான இறக்கத்தில் நிலைகுலையாமலும் நீண்ட ஏற்றத்தில் ஓட்டுபவனைக் களைப்படையச் செய்யாமலும் இருக்கும் வண்டிச் சட்டத்தைத் தேடினேன். நான் எடுத்த அலுமினியச் சட்டத்தில், முன்சில்லைப் பிடித்திருக்கும் கவையான முன் போர்க் தரையோடு 64 பாகைக் கோணத்தில் சாய்ந்து நிற்பதால் முன்சில்லு உடலுக்கு நன்கு முன்னே போகிறது. இறக்கத்தில் தலைகீழாகப் புரளும் பயம் குறைகிறது. அப்படிச் சாய்ந்த வண்டி ஏற்றத்தில் முன்சில்லை அலையவிடும் என்பதால், இருக்கைத் தண்டு 77 பாகையில் ஏறக்குறைய நிமிர்ந்து நின்று உடற்பாரத்தை முன்னே தள்ளுகிறது. நிறையைப் பற்றி நீ கவலைப்பட்டிருந்தாய். 16 கிலோவை ஒட்டி வரும். இந்த வேலைக்கு அது பாரமே இல்லை.

கார்பன் சட்டம் ஏன் வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். கல்லடி பட்ட கார்பனின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சோதிக்க இங்கே எனக்கு வழியில்லை. அலுமினியத்தில் பள்ளமோ வெடிப்போ விழுந்தால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும். மேலும், கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பீரம் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும்.

அதிர்வைத் தாங்க முன் போர்க் 170 மில்லிமீற்றரும் பின்சில்லு 160 மில்லிமீற்றரும் மேலும் கீழும் அசையும். பின் சொக்குக்கு, அதாவது பின்பக்க அதிர்வு தாங்கிக்கு, சுருள்வில்லா காற்றா என்று நெடுநாள் யோசித்தேன். சுருள்வில் சிறு கற்களின் மேல் மிக மென்மையாக ஓடும். ஆனால் நிறை மாறினால் வில்லையே மாற்ற வேண்டும், அந்த வில் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. காற்றுச் சொக்கை ஒரு கைப்பம்பால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். சொக்கின் தண்டு உள்ளே போகக்கூடிய 60 மில்லிமீற்றரில், முழுச் சவாரி உடையோடு நான் ஏறி அமரும்போது 18 மில்லிமீற்றர், அதாவது 30 வீதம் தாழ வேண்டும். தண்டிலுள்ள ரப்பர் வளையம் அதைக் காட்டிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த சொக்காக இருந்தாலும் இந்த அளவு பிழைத்தால் அதனால் பயனில்லை.

காசை நான் தாராளமாகக் கொட்டியது பிரேக்கில்தான். நான்கு பிஸ்டன் பிடிப்பான்கள், இரு சில்லுக்கும் 203 மில்லிமீற்றர் பிரேக் தட்டுகள். பிரேக்குக்குள் ஊற்றும் திரவத்தில் டொட் (DOT) எனப்படும் வகையைத் தவிர்த்து மினரல் ஒயில் வகையை எடுத்தேன். டொட் திரவம் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக 260 பாகை செல்சியஸுக்கு மேல் கொதிக்க வேண்டிய டொட் 5.1, ஈரம் ஏறிய பின் 180 பாகையிலேயே கொதிக்கக்கூடும். நீண்ட இறக்கத்தில் திரவம் கொதித்தால் பிரேக் பிடி கைப்பிடிவரை சும்மா வந்துவிடும். எங்கள் ஊர்க் காற்றின் ஈரத்தை நீ மறந்திருக்க மாட்டாய். மினரல் ஒயில் நீரை உறிஞ்சாது. ஆனால் உள்ளே புகுந்த நீர் அடியில், பிடிப்பானிலேயே தேங்கும் என்பதால் அதையும் வருடந்தோறும் மாற்றத்தான் வேண்டும்.

சில்லுகள் முன்னே 29 அங்குலம், பின்னே 27.5. முன்சில்லு பள்ளங்களை இலகுவாகக் கடக்கும், சிறிய பின்சில்லு வளைவில் விரைந்து திரும்பும். தடித்த பக்கச்சுவர் கொண்ட ரயர்களை ரியூப் இல்லாமல் பூட்டுகிறேன்; உள்ளே ஊற்றும் பசைத் திரவம் இந்த வெயிலில் விரைவாகக் காய்வதால் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். கியர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: சிமானோ நிறுவனத்தின் டியோர் வகை, 12 கியர், பின்சில்லின் பற்சக்கரங்கள் 10 பல் முதல் 51 பல்வரை. போதும்.

மிகப் பொறுமையான வேலை பெயாரிங்குகள்தான். சட்டத்தின் மூட்டுகளில் உள்ள ஒவ்வொன்றின் மூடியையும் மெல்லக் கிளப்பி, மீன்பிடிப் படகு எஞ்சின் கடையில் வாங்கிய கடற்கிறீஸை நிறைய அடைத்து மூடுகிறேன். கடல்நீரோடு தினமும் போராடுகிறவர்கள் நம்பும் கிறீஸ் அது. அதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை. போல்ட்டுகளுக்கும் அதையே பூசுகிறேன்.

பூட்டி முடிந்ததும் முதலில் கன்னியாப் பக்கத்துக் கற்குன்றுகளில் ஓட்டிப் பார்ப்பேன். அங்கே ஏற்றம் குறைவு, எனினும் உதிரிக்கல் நிறைய. பிறகு ஹபரணை, தம்புள்ளை, கண்டி வழியாக பஸ்ஸில் உன்னிடம் வருவேன். உங்கள் பக்கத்துத் தோட்டப் பாதைகளில், தேயிலை நிரைகளுக்குக் குறுக்கே வெட்டிய கான்கள்தான் எனக்குக் கவலை. பிற்பகல் மழைக்குப் பின் அந்தக் களிமண்ணில் பிரேக் பிடித்தால் சில்லு எங்கே போகும் என்பது உனக்குத்தான் தெரியும். எந்தப் பாதையில் கொழுந்தெடுப்பவர்கள் எந்த நேரத்தில் நடக்கிறார்கள் என்பதையும், தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டிய இடங்களையும் முன்கூட்டியே விசாரித்து வை. அவர்களுடைய நடைபாதையில் நாங்கள் வேகமாக இறங்குவது எக்காரணம் கொண்டும் நடக்கக்கூடாது.

நீயும் இதே வண்டியில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் உனக்கென ஒன்றை வாங்க வேண்டும். ஆகையால் தலைக்கவசம், சப்பாத்து, தண்ணீர்ப்பை எல்லாவற்றோடும் தராசில் ஏறி உன் நிறையையும், உள்ளங்காலிலிருந்து கவடுவரை உள்ள உயரத்தையும் அளந்து அடுத்த கடிதத்தில் எழுது; சொக்கின் காற்றையும் இருக்கையின் உயரத்தையும் உனக்கேற்றபடி இங்கேயே கணக்கிட்டுக் குறித்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்