ஒரே அடித்தள வரைபடத்தை எல்லாக் குழிக்கும் போடாதீர்கள்

தென்மாவட்டங்களில் பழைய காற்றாலைகளை இறக்கிவிட்டுப் பெரியவற்றை நிறுத்தவிருக்கும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். தொண்ணூறுகளில் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் நின்ற 250 கிலோவாட் இயந்திரங்களின் இறக்கை வட்டம் ஏறக்குறைய 30 மீட்டர். கோபுர உயரமும் அவ்வளவே. இன்று வருபவற்றில் இரண்டுமே 120 மீட்டரைத் தொடுகின்றன. காற்றை வாங்கும் பரப்பு 16 மடங்கு, நெம்பும் கை 4 மடங்கு. பழைய அடித்தளத்தின் மேலேயே ஏற்றிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் வேண்டியதில்லை.

புதிய அடித்தளத்துக்குச் சுமார் 20 மீட்டர் விட்டம், 400 முதல் 600 கன மீட்டர் கான்கிரீட், 40 டன்னுக்கு மேல் கம்பி ஆகும். இவ்வளவு செலவழிப்பவர்கள் ஐந்து இயந்திரத்துக்கு ஒரு துளை போட்டு மண் பார்ப்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு இயந்திரத்தின் மையத்திலும் ஒரு துளை கட்டாயம். பாறை அதிக ஆழமில்லாமல் இருந்தால் விளிம்பிலும் மூன்று.

கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கக் கரிசலை எடுத்துக்கொள்வோம். இவ்வளவு கனத்தை மண் எங்கே தூக்கப்போகிறது என்று தோன்றும். ஆனால் அந்தக் கனம் 20 மீட்டர் வட்டத்தில் பரவும்போது சதுர மீட்டருக்குச் சுமார் 8 டன்தான். ஐப்பசி மழையில் ஊதும் கரிசலின் அழுத்தம் அதைத் தாண்டக்கூடும். அதுவும் ஈரம் முதலில் புகும் விளிம்பில். எனவே கரிசலை முழுக்க எடுத்து, சுக்கான் (சுண்ணாம்புக்கல் அடுக்கு) அல்லது சிதைந்த பாறை வரை போய், சிமெண்ட் குறைந்த மெலிந்த கான்கிரீட்டால் நிரப்புங்கள். சரளை போட்டால் சுற்றியுள்ள கரிசலுக்கு நடுவே அது தொட்டிபோல நீர் பிடிக்கும். வடிகால் இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம். கரிசல் மிக ஆழமென்றால், ஆழத்தில் இறக்கும் கான்கிரீட் தூண்களான பைல்தான் வழி.

கடலோரச் செம்மணல் மேடுகளான தேரிகளில் சிக்கல் வேறு. அடித்தளத்தின் மேல் கொட்டும் மண்ணும் கவிழாமல் பிடிக்கும் எடைதான். கணக்கில் கன மீட்டருக்கு 1.8 டன் என்று எடுத்திருப்பார்கள். கெட்டிப்படுத்தாமல் கொட்டினால் 1.5 தேறுவதே கடினம். மிச்சத்தையும் ஆடிக்காற்று அள்ளிக்கொண்டு போகும். அடுக்கடுக்காக நனைத்துக் கெட்டிப்படுத்துங்கள், மேலே சரளை பரப்புங்கள். தளர்ந்த மணலில் கோபுரத்தின் அதிர்வெண்ணும் இறங்கி, இறக்கைகளின் சுழற்சி அதிர்வை நெருங்கி, ஆட்டம் பெருகலாம். துளைக்குள் குழாயை அடித்து இறக்கி எண்ணும் சம்மட்டி அடி எண்ணிக்கை (SPT) மட்டும் அதைக் காட்டாது. மண்ணின் விறைப்பைக் காட்டும் நறுக்கு அலை (shear wave) வேகத்தை அளக்க வேண்டும்.

மோசமானது மலையடிவாரத்தில் வரும் பாதிப் பாறை, பாதி மண். பாறைப் பக்கம் அசையாது, மண் பக்கம் இறங்கும். தயாரிப்பாளர்கள் பொதுவாக அனுமதிக்கும் சாய்வு மீட்டருக்கு 3 மில்லிமீட்டர். 100 மீட்டர் உயரத்தில் அது 30 சென்டிமீட்டர். மண் பகுதியைப் பாறை வரை தோண்டிக் கான்கிரீட்டால் நிரப்புங்கள். முடியாவிட்டால் இடத்தைச் சற்று நகர்த்துங்கள்; அதுவே மலிவு.

கான்கிரீட்டை இடையில் நிறுத்தாமல் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆரல்வாய்மொழிக் காற்று மேற்பரப்பைச் சில மணி நேரத்திலேயே உலர்த்தி வெடிக்க வைப்பதைத்தான் மறக்கிறார்கள். மாலையில் தொடங்குங்கள், உடனே ஈரச் சாக்கால் மூடுங்கள். உள்வெப்பம் 70 டிகிரியைத் தாண்டாதபடி சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாக அனல் மின் நிலையச் சாம்பலைச் (fly ash) சேருங்கள்.

கடைசியாக ஒன்று: மண் பொறியாளர் குழிக்குள் இறங்கிப் பார்த்துக் கையெழுத்திடும்வரை, குழியின் அடியில் முதலில் பரப்பும் அடிமட்டக் கான்கிரீட் வண்டியை வரச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
காற்றாலை அடித்தளப் பொறியாளர்கள் சிலர்