அம்மாவின்ர குங்கிலியமும் உன்ர வார்னிஷும்

மச்சான்,

நீ கீறின படத்தை போட்டோவில பாத்தன், கடல் நல்லா வந்திருக்கு. ஆனா மேல பூச டமார் வார்னிஷ் எண்டு ஒரு சின்னப் போத்தலுக்கு அவ்வளவு டொலர் குடுத்தனான் எண்டு எழுதியிருந்தாய் பார், அதை வாசிச்சுத் தனிய இருந்து சிரிச்சன்.

அப்பாவின்ர தேக்கு அலுமாரி ஞாபகமா? போன மாசம் ஒரு தச்சு வேலை பாஸைக் கூப்பிட்டுப் பொலிஷ் அடிச்சனான். மனுசன் அரக்கை ஸ்பிரிட்டில கரைச்சு, பஞ்சைத் துணியில சுத்தி வட்டம் வட்டமாத் தேய்க்கத் தேய்க்க கண்ணாடி மாதிரி வந்துது, பின்னேரம் மழை பிடிச்சும் நிப்பாட்டேல்ல, இரவு பாத்தா மேல் தட்டு முழுக்க திருநீறு பூசின மாதிரி வெள்ளை. ஸ்பிரிட் பறக்கேக்க ஈரம் உள்ள மாட்டினதாம்.

வேற என்ன பூசலாம் எண்டு தேடேக்கதான் தெரிஞ்சுது, உன்ர டமாரும் எங்கட குங்கிலியமும் ஒரே சாதி. டமார் எண்டா மலாய் மொழியில பிசின்தான். எங்கட தெற்கு மழைக்காட்டு ஹல் மரமும் டமார் எடுக்கிற மரங்களின்ர குடும்பம்தான், அதின்ர பிசினைத்தான் சிங்கள ஆக்கள் தும்மல எண்டுறது. வெள்ளிக்கிழமையில அம்மா தணல்ல போட்டு வீடு முழுக்கப் புகை காட்டுவா, நீ அதைப் போத்தல்ல வாங்குறாய்!

விடுவனா, செட்டியார் தெருவில 100 கிராம் வாங்கி, பழைய ஸ்டொக்கிங்ஸ்ல கட்டி, டர்பன்டைன் போத்தலுக்க தொங்கவிட்டன். விடிய கட்டியெல்லாம் கரைஞ்சிட்டுது, ஸ்டொக்கிங்ஸ்ல மிஞ்சினது மரப்பட்டையும் ஒரு எறும்பின்ர அரைவாசியும். ஆனா கலங்கல், உள்ள மெழுகு மாதிரி ஒண்டு இருக்காம். பலகைத் துண்டில பூசினன், மூண்டு நாளாகியும் விரல் ஒட்டுது. படத்துக்கு ஓகே, மஞ்சளாப் போனா டர்பன்டைனால துடைச்சிட்டுப் புதுசு பூசலாம், அலுமாரிக்குச் சரிவராது, தேத்தண்ணிக் கோப்பை வைச்சா எழும்பாது.

ஜப்பான்காரரின்ர மரப்பால் லாக்கர் ஈரக் காத்திலதானாம் இறுகும், கொழும்புக்கெண்டே செய்த சாமான் மாதிரி. ஆனா அந்த மரம் மாமரத்துக்குச் சொந்தக்காரன், மாங்காய்ப் பால் பட்டு உன்ர வாய் பொங்கினதை நினைச்சுப் பார், அதைவிட மோசமாம்.

பாஸ் வெயில் வரட்டும் எண்டுட்டார், ஸ்பிரிட்டால ஒருக்காத் தேய்ச்சா வெள்ளை போயிடுமாம். மிச்சக் குங்கிலியத்தை உனக்கு அனுப்ப எடுத்து வைச்சனான், நேற்று வெள்ளிக்கிழமை, அம்மா தணல்ல போட்டிட்டா.