42-ஆம் நாளோடு மூடிவிடும் அட்டை

பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்தவரை உங்கள் அலுவலகத்துக்கு ரிப்போர்ட் தவிர வேறெதுவும் அனுப்பியதில்லை. இது ரிப்போர்ட் இல்லை; கர்ப்பத்தில் பிபி, சர்க்கரை இருந்த பெண்களின் இதயத்துக்காக ஒரு வேண்டுகோள்.

போன பங்குனியில் எங்கள் ஊரில் ஒரு பெண் இறந்துபோனாள். வயது 46. முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே முதுகின் மேல்பக்கம் பிடித்தாற்போல வலி, குமட்டல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கல். ஓமத்தண்ணீர் குடித்துப் பார்த்திருக்கிறாள். பிறகு டவுனில் ஒரு கிளினிக். "கேஸ்தாம்மா" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஈசிஜி எடுக்கவில்லை. விடிகாலையில் வாசல் தெளிக்கப் போனவள் வாளியோடு சாய்ந்துவிட்டாள்.

துக்கம் கேட்கப் போனபோது அவள் மகள் டிரங்குப் பெட்டியில் ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். ரேஷன் கார்டுக்கு அடியில் பழைய கர்ப்பிணி அட்டை. என் கையெழுத்து. எட்டாம் மாதம், கால் வீக்கம், பிபி 160/110, யூரினில் உப்பு, அதாவது புரதம். சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தேன். 108 வராத காலம் அது. ஜன்னி (வலிப்பு) வந்துவிடுமோ என்று பயந்து, வேன் பிடித்து நானே கூடப் போனேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். 42-ஆம் நாள் வரை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அதோடு அவள் என் பதிவேட்டை விட்டுப் போய்விட்டாள். அடுத்த பக்கம் பிள்ளையின் தடுப்பூசிக்கு.

அந்தச் சிவப்பு வட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கர்ப்பத்தில் பிபி ஏறி உப்பும் போன பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதயநோயோ பக்கவாதமோ வரும் வாய்ப்பு, மற்ற தாய்மாரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல்தான். அமெரிக்க இதயச் சங்கம் 2011-லேயே இரண்டையும் பெண்களின் இதயநோய்க்கான ஆபத்துக் காரணிகளில் சேர்த்துவிட்டது. நாங்களோ, பிரசவம் ஆனதும் பிபி இறங்கிவிட்டது என்று நிம்மதியாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தோம்.

அந்தக் கிளினிக்கை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருக்கிறேன், சடங்குக்குப் போயிருக்கிறேன். ஒருநாள்கூட அவள் கையில் பிபி பட்டையைக் கட்டிப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் நம்மிடம் எதுவும் இல்லாமல் இல்லை. எல்லாக் கர்ப்பிணிக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று 2007-லேயே ஆணை போட்ட மாநிலம் இது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, வாந்தி வருகிறது என்பவளை எதிரே உட்காரவைத்து இரண்டு மணி நேரம் காவல் காத்திருக்கிறேன். 2021-ல் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிபி மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. 2023-லிருந்து இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்புக்கு உடனே கொடுக்க வேண்டிய 14 மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கின்றன. ஆனால் கேஸ் என்று பெயர் வைத்துவிட்ட வலிக்கு அந்த 14-ஐ யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

மாத்திரையோடு வீட்டுக்கு வரும் தன்னார்வலர், அந்த வீட்டுப் பெண்களிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: "மாசமா இருந்தப்ப பிபி, சுகர் இருந்துச்சா?" ஆமாம் என்றால், வயது 25 ஆனாலும் சரி, வருஷம் ஒருமுறை பிபி, சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டும். பிக்மி என்ற கர்ப்பிணிகள் பதிவில் இருப்பதைத் தன்னார்வலரின் பட்டியலில் சேர்த்துவிட்டால் கேட்கக்கூட வேண்டியதில்லை. இன்னொன்று, இது நான் கண்ணால் பார்ப்பது. தன்னார்வலர் வந்ததும் "அவருக்குப் பாருங்க" என்று வீட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். பட்டையை முதலில் இவள் கையில் கட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது ஈசிஜி. மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் அதிகம் வருகிறது. ஆனால் கூடவே குமட்டல், தாடை வலி, முதுகு வலி, அசதி எல்லாம் வருவதால் அவர்கள் அதையே முதலில் சொல்கிறார்கள், நாமும் அதையே எழுதிக்கொள்கிறோம். பாடமே ஆண்களை வைத்து வந்ததுதானே! ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்கும் என்று 1980-களில் காட்டிய அமெரிக்க ஆய்வில் 22,071 டாக்டர்கள் இருந்தார்கள், ஒரு பெண்கூட இல்லை. குமட்டல், முதுகு வலி என்று சொல்லிக்கொண்டு வருகிற பெண்ணுக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் சுற்றறிக்கை போகட்டும். முதல் ஈசிஜி நன்றாக இருந்து வலி மட்டும் நிற்கவில்லையென்றால், மறுபடி எடுக்க வேண்டும் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

அந்த மகளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். போன வாரம் பிபி 132/86. அம்மாவுக்கு இருந்தது என்பதால் வாராவாரம் நானே போய்ப் பார்க்கிறேன். பிரசவம் மார்கழியில். தை கடைசியில் அவளுக்கும் 42 நாள் முடிந்துவிடும். அதற்குள் ஒரு ஆணை வருமா என்று கேட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கிராம சுகாதார செவிலியர்