புல் வெட்டுவோர் விளம்பரங்களுக்கு ஒரு நிபந்தனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரை பிறந்தால் போதும், உங்கள் பத்திரிகையில் வீடு விற்கும் முகவர்களுக்கு அடுத்தபடியாகப் பல் தெரியச் சிரிப்பவர்கள் புல் வெட்டும் நிறுவனத்தார்தான். 'பருவம் முழுவதும் ஒரே கட்டணம், கவலையை எங்களிடம் விடுங்கள்' என்கிறார்கள். அந்த விளம்பரங்களைப் பற்றி உங்களிடமே முறையிடுகிறேன். பிரசுரிப்பீர்களா, பார்ப்போம்.

முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு என்னால் புல் வெட்டும் இயந்திரத்தைத் தள்ள முடிவதில்லை. (ஊரில் முற்றத்தில் புல் முளைத்தால் செருக்கி எறிந்த நாங்கள் இங்கே காசு கொடுத்து அதை வளர்க்கிறோம், அது வேறு கதை.) ஆகவே அப்படியொரு நிறுவனத்தை நம்பினேன். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும்வரை 'அன்ரி, அன்ரி' என்று உருகிய அந்த நிறுவனத்துத் தம்பி, முழுப் பணமும் கைக்கு வந்ததும் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஜூனில் மழை விட்ட பிறகும் ஆள் வரவில்லை. ரொறன்ரோவில் புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக் கூடாது. மாநகரசபையின் எச்சரிக்கைக் கடிதம் என் பெயருக்குத்தான் வந்தது. அந்த நிறுவனத்துக்கு அல்ல.

ஒருவழியாக வந்தவர்கள், விட்ட வேலையை எல்லாம் ஒரே நாளில் தீர்க்க நினைத்து மண் தெரிய மழித்துவிட்டுப் போனார்கள். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. ஜூலை வெயிலில் புல் கருகியது. வெறுமையான இடமெல்லாம் களை.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டியது புழுப் பிரச்சினைதான். புல்லின் வேரைத் தின்னும் வெண்புழுக்களை அழிக்க நெமற்றோட் என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்களைத் தெளிப்பார்கள். அவை உயிருள்ளவை. மண் நனைந்திருக்க வேண்டும். வெயில் பட்டால் செத்துவிடும் என்பதால் மாலையில் தெளிப்பதே முறை. இதற்குத் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, உச்சிவெயிலில், காய்ந்த தரையில் தெளித்துவிட்டுக் கதவிடுக்கில் 'வேலை முடிந்தது' என்று சீட்டுச் செருகிப் போனார்கள். இலையுதிர் காலத்தில் ரக்கூன்கள் வந்து புழுவைத் தேடிப் புல்தரையைப் பாய்போலச் சுருட்டி வைத்தன. அவையாவது செய்ய வந்த வேலையை ஒழுங்காகச் செய்தன.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். வீட்டு வாசலில் எழுதுவித்த 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்ய ஒன்ராறியோவில் உரிமை உண்டு. ஆனால் ஏப்ரலில் எழுதிய ஒப்பந்தத்தின் இலட்சணம் ஜூனில்தானே தெரிகிறது!

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். இத்தகைய விளம்பரத்தை ஏற்குமுன், எத்தனை தடவை வெட்டுவார்கள், எந்த உயரத்தில் வெட்டுவார்கள், மழையால் தவறிய முறையை எப்போது ஈடுசெய்வார்கள், பணத்தை மாதாமாதம் பெறுவார்களா என்பவற்றை அதிலேயே அச்சிடச் சொல்லுங்கள். மறுப்பவர்களின் பணம் உங்களுக்கு வேண்டாம். வீட்டு முகவர்கள் அந்த இடத்தையும் நிரப்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மல்வேர்ன், ஸ்காபரோ