அமெரிக்கக் கால்பந்து வட்டம், டென்வர்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் கூடுகையும் கோடைச் சுற்றுலாவும் சூப்பர் போல் (தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டி) விருந்தும் வழக்கம்போல் நடைபெற்றன. செயற்குழு காலாண்டுதோறும் கூடியது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, செயற்குழுவின் ஒப்புதலுடன் நான் பொறுப்பேற்று நடத்திய ஓட்ட ஆட்டப் (பந்தை எறியாமல் ஏந்தி ஓடும் ஆட்டம்) பயிற்சி வகுப்புகளாகும். நம் பிள்ளைகளில் சிலர் பள்ளி அணிகளில், ஓடுபவருக்கு வழி திறக்கும் முன்வரிசையில் கார்டாகவும் (நடுவருக்கு அடுத்து நிற்பவர்) டேக்கிளாகவும் (கார்டுக்கு வெளிப்பக்கம் நிற்பவர்) ஆடுகிறார்கள். ஆனால் பெற்றோராகிய நாம் பந்தை வைத்திருப்பவரை மட்டுமே பார்த்துவிட்டு வீடு திரும்புகிறோம். இக்குறையைப் போக்கவே வகுப்புகள் தொடங்கப்பட்டன.

எதிரணியினரைத் தடுக்கும் முறைகளில் ஒன்றான சோன் பிளாக்கிங்கில் முன்வரிசை ஐவரும் ஓட்டம் செல்லும் பக்கமாக ஒரே நேரத்தில் அடியெடுத்து வைக்கிறார்கள். பூங்காவில் இதைச் செய்து பார்த்தபோது, எதிரே ஆளில்லாமல் நின்ற இடது கார்டு நேராக லைன்பேக்கரை (எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) நோக்கிப் பாய்ந்துவிட, கார்டுக்கு அடுத்து நின்ற டேக்கிள் தம் எதிரே நின்ற எதிரணி வீரரிடம் தனியே சிக்கிக்கொண்டார். மறுமுறை இருவரும் தோள் சேர்த்து அந்த எதிரணி வீரரைத் தள்ளினர். கார்டு அவரை முழுமையாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பிறகே டேக்கிள் விலகி லைன்பேக்கரிடம் சென்றார். ஓடுபவருக்கு வழி திறந்தது அப்போதுதான். பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸ் நம் டென்வர் பிராங்கோஸ் அணியின் முன்வரிசைக்குக் கற்பித்த முறை இதுவே. 1995இல் புதிய வீரர் தேர்வின் ஆறாம் சுற்றில் பிராங்கோஸுக்குத் தேர்வான ஓட்டக்காரர் டெரெல் டேவிஸ் 1998இல் 2,008 யார்டு ஓடியதில் அவருடைய திறமைக்கு இணையான பங்கு அந்த வரிசைக்கும் உண்டு என்பது என் உறுதியான கருத்து.

குறிப்பிட்ட ஓர் இடைவெளியைத் திறக்கும் கேப் முறை வேறு. அம்முறையிலான கவுண்டர் ட்ரே ஆட்டத்தில் ஓட்டப் பக்கத்தவர் உள்நோக்கித் தடுக்க, எதிர்ப்பக்கத்துக் கார்டும் டேக்கிளும் வரிசையின் பின்னால் ஓடிவருகிறார்கள். கார்டு எதிரணி வரிசையின் கடைசி வீரரை வெளியே தள்ள, டேக்கிள் இடைவெளிக்குள் முன்செல்கிறார். 1988 ஜனவரியில் சான் டியேகோவில் நடந்த சூப்பர் போலில் வாஷிங்டன் நம் அணியை 42-10 என வீழ்த்தியபோது அவர்களின் டிம்மி ஸ்மித் 204 யார்டு ஓடியதற்கு இந்த ஆட்டமே பெரிதும் துணைநின்றது. பத்தாண்டு கழித்து அதே மைதானத்தில் கிரீன் பே அணியை வென்று முதல் பட்டத்தைப் பெற்றோம்.

இவ்வளவு வளமான வகுப்புகளுக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். ஐவர் நிற்க வேண்டிய வரிசைக்கு நால்வரே வந்த நாட்களில் கவுண்டர் ஆட்டத்தைச் செய்து காட்டவே இயலவில்லை. வருவோரை எண்ணி வாங்கிய உணவும் மீந்தது. இது பயிற்சியாளர்களுக்கான பாடம், நமக்கெதற்கு என்று சிலர் கேட்டதாக அறிகிறேன். அவர்கள் ஒருமுறையேனும் வந்து பார்த்திருக்கலாம்.

சந்தா நிலுவை பற்றியும் சொல்லியாக வேண்டும். சிலர் இரண்டு ஆண்டுகளாகச் செலுத்தவில்லை. தடுப்புப் பயிற்சிக்கான பேடுகளை என் சொந்தப் பணத்தில் வாங்கியிருக்கிறேன். நிலுவை வந்ததும் ஈடு செய்வதாகப் பொருளாளர் தெரிவித்துள்ளார். வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. விவரம் பொருளாளரிடம் உள்ளது.

தலைவர், பொருளாளர், விருந்துகளில் உதவிய குடும்பத்தினர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கேப் முறையைச் சேர்ந்த பவர் ஆட்டத்தையும், சோன் முறையில் ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் துரத்திவருவோரைத் தடுக்கும் விதத்தையும் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். தவறாமல் வரும் ஐவர் கிடைத்தால் பொறுப்பில் தொடர்வதில் எனக்குத் தயக்கமில்லை. இல்லையெனில் வகுப்புகளை நடத்துவது பற்றிச் செயற்குழு மறுபடியும் முடிவெடுக்க வேண்டியிருக்கும். இன்று கூட்டம் முடிந்ததும் பெயர்ப் பட்டியலுடன் வாசல் மேசையருகே இருப்பேன். சந்தா செலுத்த வேண்டியவர்களுக்காகப் பொருளாளரும் அங்கேயே இருப்பார்.

செயலாளர்